தேங்காய் சிவக்கும் நேரம்

தேங்காய்த் துருவல் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. பெனிலா தீயைக் கொஞ்சம் குறைத்தாள், குறைத்தது சரிதானா என்று சந்தேகம் வந்து மறுபடியும் கூட்டினாள். யாரோ ஒருத்தருடைய வீடு, யாரோ ஒருத்தருடைய வாணலி, அடி கனமில்லாத வாணலி, ஒரு பக்கம் மட்டும் சூடேறுகிற அடுப்பு. லிஸ்பனில் விடுமுறைக்காக வாடகைக்கு எடுத்திருந்த இந்த மூன்றாம் மாடி வீட்டில் சமையலறை என்பது ஒரு ஆள் நின்று திரும்புகிற அளவுதான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுக் கொடியில் யாரோ எடுக்க மறந்த போர்வை மழையில் நனைந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மத்தியானம். கூட வந்த நீனோவும் எடெமும் மஞ்சள் டிராமில் ஏறிக் கோட்டை பார்க்கப் போயிருந்தார்கள். மூன்று பேரும் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், ஒரே மாணவர் விடுதியில், ஒரே சமையலறையைப் பங்கு போட்டுக்கொள்கிறவர்கள். நீனோ ஜார்ஜியாக்காரி. எடெம் கானாவிலிருந்து வந்தவன். விடுமுறைக்குச் சொந்த ஊர் போக வாய்க்காதவர்கள் சேர்ந்து புதிதாக ஒரு ஊரையாவது பார்ப்போமே என்று கிளம்பி வந்தார்கள். "பண்டிகைச் சாப்பாடு உன் பொறுப்பு, பெனி," என்று எடெம் விமானத்தில் சொன்னபோது தலையாட்டிவிட்டாள். என்ன சமைப்பாய் என்று கேட்டதற்கு உள்ளித்தீயல் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சாம்பார் என்று சொல்லியிருக்கலாம், கூட்டு என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ இருக்க, மூக்கை நம்பி வைக்கிற குழம்பையா சொல்ல வேண்டும்.

மூக்கை நம்பித்தான் தீயல். ஊரில் உள்ளி என்கிற சின்ன வெங்காயமும் புளியும் அப்புறம், முதலில் தேங்காய். துருவி, மல்லியும் வத்தலும் நாலு குருமிளகும் சேர்த்துக் கை ஓயாமல் வறுக்க வேண்டும். பொன்னிறத்தில் இறக்கினால் அது வேறு குழம்பு, ஒரு நிமிஷம் தாண்டினால் கரி. இரண்டுக்கும் இடையில் ஒரு இடம் இருக்கிறது. மார்த்தாண்டத்து வீட்டில் அம்மா அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலில் நிற்கிற பக்கத்து வீட்டு மேரி அக்காவோடு சபைக் கமிட்டிச் சண்டையைப் பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு நடுவில் சட்டென்று திரும்பி, "ஆச்சு, மணம் வந்தாச்சு," என்று வாணலியை இறக்கி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வாள். மணம் வந்தாச்சு. எங்கேயோ போயிருந்த ஆள் வந்து சேர்ந்த மாதிரி. பெனிலாவுக்கு அது வந்து சேராமல் பல வாரங்கள் ஆகிவிட்டன. இலை உதிரத் தொடங்கின சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. விடுதியில் எல்லாருக்கும் வந்தது. எல்லாருக்கும் போனது. அவளுக்கும் போனது, மூக்கடைப்பு போனது, இருமல் போனது, ஒருநாள் காலையில் எழுந்து காப்பி போட்டாள், காப்பி சுடுதண்ணீராக இருந்தது. தூள் பழசு என்று நினைத்தாள். புதுப் பொட்டலம் பிரித்து மூக்கோடு சேர்த்துப் பிடித்து உறிஞ்சினாள். காகிதத்தை மோந்த மாதிரி இருந்தது. இல்லை, காகிதத்துக்குக்கூட ஒரு மணம் உண்டு. கண்ணாடியை மோந்த மாதிரி. சோப்பு, ஊறுகாய், தன் சொந்த அக்குள், தீக்குச்சி அணைத்த புகை, ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து மோந்துகொண்டே அந்த அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது நினைவிருக்கிறது. நாக்கில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்தது. உப்பு என்பது தெருக்கோடியில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி தூரத்தில் கேட்டது. புளிப்பு அதைவிடத் தூரத்தில். மருத்துவர் இளம்பெண், விரல்களைக் கோத்து வைத்துக்கொண்டு, சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, காத்திருக்க வேண்டும் என்றாள். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூக்கலிப்டஸ் என்று நாலு சின்னப் புட்டிகள் வாங்கிக் காலையும் மாலையும் மோந்து பார்க்கச் சொன்னாள். மோந்துகொண்டே அந்த மணத்தை நினைத்துக்கொள்ளணும், என்றாள். நீனோ ஒருநாள் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டபோது, சென்ட் என்றாள் பெனிலா.

துருவலின் ஓரம் லேசாக மஞ்சள் கட்டியது. கரண்டியை அடியோடு கொடுத்துப் புரட்டினாள். ஏன் சொல்லவில்லை. நீனோவிடம் சொல்லியிருக்கலாம், அவள் கட்டிப்பிடித்திருப்பாள், முடிந்திருக்கும். ஆனால் ஒருத்தியிடம் சொன்னால் அடுத்து இன்னொருவரிடம் சொல்ல வேண்டிவரும், அந்த வரிசையின் கடைசியில் பேராசிரியர் நிற்கிறார். பெனிலா படிக்க வந்திருப்பது உணவு அறிவியல். அதில் அவள் எடுத்துக்கொண்டிருப்பது ருசியை அளக்கிற பிரிவு: சின்னச் சின்னக் கிண்ணத்தில் வைத்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் மோந்து, சுவைத்து, எதில் என்ன ஏறியிருக்கிறது எது இறங்கியிருக்கிறது என்று சொல்ல வேண்டிய படிப்பு. அம்மாவுக்கு இதை விளக்கவே இரண்டு மாசம் ஆனது. விளங்கின அன்றைக்கு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் பார்க்கிறவரிடமெல்லாம், "எனக்க மொவ ருசி பாக்குததுக்குப் படிக்கா, கேட்டியளா, அதுக்கு வெளிநாட்டுல சம்பளமும் உண்டு," என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். சின்ன வயசிலிருந்தே பெனிலாவுக்கு மூக்கு கூர்மை. மூடின தூக்குவாளியில் எந்த மீன் என்று சொல்வாள். ஜனவரியில் ஆய்வுக்கூடத்தில் அவளுடைய ஆராய்ச்சி தொடங்குகிறது. முதல் வாரமே எல்லாருக்கும் மூக்குச் சோதனை. வகுப்பில் இதுவரை எப்படியோ ஓட்டிவிட்டாள். பக்கத்தில் இருப்பவன் முகம் சுளித்தால் கசப்பு, புருவம் உயர்ந்தால் வாசனை. முகத்தைப் படிக்கிற படிப்பில் தேறிவிட்டாள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஜனவரியில் தனித்தனிக் கூண்டு, தனித்தனி விளக்கு. பக்கத்தில் முகம் இருக்காது. சோதனையில் தவறினால் படிப்பு போகும், அப்புறம் என்ன. அப்புறம் விமானத்தில் ஏறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, அம்மா நிற்பாள், அம்மாவின் முகம் இருக்கும், அதைப் படிக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் யோசனை போகாது. எப்போதும் விமான நிலையத்தின் அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும் போகும், அங்கேயே நிற்கும், திரும்பி முதலிலிருந்து தொடங்கும்.

மழை வலுத்தது. கோட்டையில் அவர்கள் நனைந்துகொண்டிருப்பார்கள். வந்ததிலிருந்து இந்த ஊர் அவளுக்குச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடுகிற படம் மாதிரிதான் இருந்தது. சுவர் முழுக்க நீலப் பூப்போட்ட ஓடுகள், மேலே ஏறி ஏறி மூச்சு வாங்க வைக்கிற சந்துகள், வெளுத்த கட்டடங்கள் எல்லாம் அழகுதான், ஆனால் எதுவும் பக்கத்தில் வரவில்லை. நேற்று தெருமுனையில் ஒருவர் தள்ளுவண்டியில் ஏதோ கொட்டை சுட்டு விற்றார், வெள்ளைப் புகை தெரு முழுக்கப் பரவியது. நீனோ கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா" என்றாள். பெனிலாவும் "ஆஹா" என்றாள். எப்போதும் ஒரு இமைப்பொழுது பிந்தித்தான் வரும் அவளுடைய ஆஹா. ஆறு கடலில் சேர்கிற இடத்துக்குப் போனார்கள். ஊர்ப் பக்கம், குளச்சலில் பஸ் கடைசித் திருப்பம் திரும்புகிறதற்கு முன்னாலேயே கடல் வந்துவிடும், கருவாடும் உப்பும் ஈரக் கயிறுமாகச் சேர்ந்து ஜன்னல் வழியாக மடியில் வந்து உட்காரும். இங்கே அத்தனை பெரிய தண்ணீர் கண்ணெதிரே அசைந்துகொண்டு, எதுவும் சொல்லாமல் கிடந்தது. எடெம் அவளைப் பார்த்து, "ஊர் நினைப்பா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். பொய் சொல்வதில் இதுவும் ஒரு வகை; கேட்கிறவர்களே பாதியைச் செய்து தந்துவிடுகிறார்கள். அம்மாவும் அப்படித்தான். தினமும் போனில், "மக்களே, இன்னைக்கு என்னத்த வச்ச?" புளிக்கறி வச்சேன்ம்மா. "கொள்ளாமா?" கொள்ளாம். நல்லாயிருக்கா என்று ஒரு கேள்வி, நல்லாயிருக்கு என்று ஒரு பதில், அவ்வளவுதான். அதற்குள் ஒரு பொய் இருப்பதற்கு இடமே இல்லாத மாதிரி இருக்கும்.

துருவல் சிவக்கத் தொடங்கியது. இப்போதுதான் கவனிக்க வேண்டும். மணத்தை நினைத்துக்கொள்ளணும் என்றாளே மருத்துவர், நினைத்துக்கொண்டால் வருமா. அம்மாவின் மணத்தை ஒருநாள் நினைக்கப் பார்த்தாள். அம்மா வேலை செய்வது அண்டியாபீஸில், முந்திரிக்கொட்டை உடைக்கிற இடம். சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போது சேலையில் சுட்ட அண்டியின் புகையும், கொட்டைத் தோட்டின் எண்ணெய்க் காட்டமும், அதற்கு மேலே கை கழுவின மண்ணெண்ணெயும் இருக்கும். பாடப்புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே அம்மா வந்துவிட்டாள் என்று தெரியும். இதெல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் இவையெல்லாம் சொற்கள். சுட்ட, காட்டம், புகை. சொல்லைத் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை, துடைத்து வைத்த பாத்திரம்தான் இருக்கிறது. முகம் நினைவில் வருகிறது, குரல் வருகிறது, தோளில் கைபட்ட கனம் வருகிறது. மணம் மட்டும் நினைவாக வருவதில்லையோ, எல்லாருக்குமே அப்படித்தானோ, நேரில் வந்தால்தான் இது அதுதான் என்று தெரியுமோ. அப்படியானால் நேரில் இனி வராவிட்டால்? ஒருநாள் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள், திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கண் போகவில்லை, கால் போகவில்லை. யாரிடமாவது சொன்னால் இவ்வளவுதானா என்பார்கள். இவ்வளவுதான். இவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே வாணலியைப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. துருவல் பழுப்பைத் தாண்டியிருந்தது. தாண்டிவிட்டதா, இந்த மஞ்சள் விளக்கு அப்படிக் காட்டுகிறதா? வாணலியோடு ஜன்னலுக்கு ஓடினாள். மேகம் மூடின வெளிச்சத்தில் அது இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக் கையில் ஊதி வாயில் போட்டாள். மொறுமொறுவென்றது, கசக்கிறதா என்று நாக்கிடம் கேட்டால் நாக்கு யோசித்துக்கொண்டே இருந்தது. குனிந்து முகத்தைப் புகைக்குள் கொடுத்து நெஞ்சு நிறைய இழுத்தாள். சூடு ஏறியது, அவ்வளவுதான். இருந்தது ஒரே தேங்காய், மறுபடி வறுக்க வேறில்லை. வாணலியை மேடையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு கைகள் தாங்களாகவே வேலை செய்தன. உள்ளியை உரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது; மூக்கு மறந்தாலும் கண் மறக்கவில்லை என்று ஒரு சிறு சந்தோஷம். அரவை நன்றாகவே அமைந்தது, எண்ணெய் விட்டுக்கொண்டு, நிறமும் தீயல் நிறம்தான். புளியைக் கரைத்து ஊற்றி, உள்ளி வதங்கின சட்டியில் அரைத்ததைக் கூட்டிக் கொதிக்க விட்டாள். உப்பு. இதுதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் திணறுகிற இடம். விடுதியில் ஞாயிறு மதியம் அவள் சமையல் என்பது எப்படியோ வழக்கமாகிவிட்டது. ஒரு கரண்டி போடுவாள், நாக்கில் விட்டுப் பார்ப்பாள், தெருக்கோடிக் குரல் கேட்காது, இன்னும் கொஞ்சம் போடுவாள், கேட்ட மாதிரி இருக்கும், உறுதிக்கு இன்னும் கொஞ்சம். பரிமாறிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். நீனோ "அருமை" என்பாள். எடெம் தட்டை வழித்துவிட்டு எழுந்திருப்பான். இரண்டு முகத்திலும் சுளிப்பைப் பார்த்ததில்லை. அதுதான் அவளுடைய ஒரே தராசு. இப்போதும் ஒரு கரண்டி போட்டாள். நாக்கில் விட்டாள். இன்னும் கொஞ்சம் போட்டாள்.

கதவு திறந்தது. நீனோ சொட்டச் சொட்ட நனைந்து வந்து, காலணியை உதறிவிட்டு, தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே சமையலறை வாசலில் நின்றாள். கோட்டையில் ஒரே கூட்டம், எடெம் ரொட்டி வாங்கிக்கொண்டு வருகிறான், என்றாள். அப்புறம் மூக்கை உயர்த்தி, மூச்சை இழுத்து நிறுத்தினாள். பெனிலா அந்த முகத்தையே பார்த்தாள். புருவம் உயர்கிறதா, உதடு கோணுகிறதா. "என்ன இது, இவ்வளவு நல்லா இருக்கு?" என்றாள் நீனோ. "காப்பிக்கொட்டை வறுத்த மாதிரி, ஆனா காப்பி இல்ல." கருகவில்லை. அந்த நிம்மதியில்தான் பெனிலா, இதுவரை யாரிடமும் நீட்டாத கரண்டியை நீட்டினாள். "உப்பு பாரு." நீனோ ஊதிக் குடித்தாள். ஒரு கணம், இமை மூடித் திறக்கிற ஒரு கணம், அவள் தொண்டை நின்றது. பிறகு சிரித்து, "அருமை," என்றாள். அதே ஞாயிற்றுக்கிழமை அருமை. முகத்தைப் படித்துப் படித்தே இத்தனை நாளைத் தள்ளினவளுக்கு, தொண்டையைப் படிக்காமல் விட்டோமே என்று அப்போதுதான் தோன்றியது. "நீனோ, உண்மையச் சொல்லு." "அருமைன்னு சொன்னேனே." "உண்மைய." நீனோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். "உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றாள். "எவ்வளவு கொஞ்சம்?" "எப்பவும் போலத்தான்." "எப்பவும் போலவா?" என்றாள் பெனிலா.

நீனோ அவசர அவசரமாகப் பேசினாள். "தப்பா எடுத்துக்காத பெனி. முதல்ல நீ வச்சதெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு. அப்புறம் இலையுதிர் காலத்துல இருந்து இப்படி. உங்க ஊர்ல குளிர் காலத்துல இப்படித்தான் போலன்னு நினைச்சோம். நான் தயிர் கலந்துப்பேன். எடெம் அப்புறமா ஒரு பாட்டில் தண்ணி குடிப்பான்." "ஏன் சொல்லல?" "நீ சாப்பிட மாட்டே. எங்க மூஞ்சியையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பே. சொன்னா அடுத்த ஞாயிறு நீ சமைக்க மாட்டியோன்னு தோணுச்சு. சமைக்கறப்போ மட்டுந்தான் நீ பாட்டு முணுமுணுப்பே." பெனிலா அடுப்பை அணைத்தாள். தான் முணுமுணுக்கிறவள் என்பது அவளுக்கே தெரியாது. இத்தனை வாரம் தன்னை மறைத்துக்கொண்டதாக நினைத்தாள். அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து, அவளுக்குத் தெரியாமல் தயிரையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு அவளை மறைத்துக் காத்து வந்திருக்கிறார்கள். "எனக்கு மணம் தெரியல, நீனோ," என்றாள். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது நாலே நாலு சொல்தான். "காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியல. ருசியும் பாதிதான். ஜனவரியில சோதனை இருக்கு. யார்கிட்டயும் சொல்லல." நீனோ கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். நீனோ அப்படிச் செய்யவில்லை. முகம் வெளுத்து, "அப்போ அந்தப் புட்டிங்க..." என்று இழுத்தாள். பிறகு நேராக வந்து, கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கி, "தேங்காய்ப்பால் இருக்கா? வெந்நீராவது? நீ சொல்லு, நான் ஊத்தறேன், நான் ருசி பார்க்கறேன்," என்றாள். எடெம் ரொட்டியோடு உள்ளே வந்தபோது இரண்டு பேரும் சட்டிமேல் குனிந்து நின்றிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு நனைந்த கோட்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். "நான் எங்கம்மாகிட்ட, இந்தியாக்காரங்க கடல் தண்ணியில சமைப்பாங்கன்னு சொல்லியிருக்கேன்," என்றான். பெனிலாவுக்குச் சிரிப்பு வந்தது, நிற்காமல் வந்தது, அதற்குள்ளேயே வேறொன்றும் சேர்ந்து வந்தது, அதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று எடெம் கேட்டான். நேராகப் போய்ச் சொல்வேன், என்றாள். சொன்ன பிறகு என்ன ஆகும் என்று தெரியவில்லை. கண்ணாடிக் கதவு இன்னும் அங்கேதான் இருந்தது. இந்த முறை யோசனை அங்கே நின்று திரும்பவில்லை, கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தது.

சோற்றை வடித்து, மூன்று தட்டில் போட்டு, நீனோ சரி என்று தலையாட்டின தீயலை ஊற்றி உட்கார்ந்தார்கள். அப்போது போன் அடித்தது. அம்மா. திரையில் புதுச் சேலை, பின்னால் காகித நட்சத்திரம், தெருவில் கிறிஸ்துமஸ் பாட்டோடு வீடு வீடாக வரும் பீட் குழுவின் தாளம். நள்ளிரவு ஆராதனைக்கு இன்னும் நேரமிருக்கிறது, அதற்குள் பிள்ளையைப் பார்த்துவிடலாம் என்று கூப்பிட்டிருக்கிறாள். நீனோவுக்கும் எடெமுக்கும் கைகாட்டினாள். "மக்களே, என்னத்த வச்ச?" "உள்ளித்தீயல்ம்மா." "ஆங், கொள்ளாமா?" பெனிலா வாயைத் திறந்தாள். கொள்ளாம் என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக நின்றது, தினமும் நிற்கிற இடத்தில். "தெரியாதும்மா," என்றாள். "தெரியாதுன்னா? இன்னும் தின்னலியா?" "தின்னாலும் தெரியாதும்மா. எனக்கு மணமே தெரியல. ருசியும் செரியா தெரியல. காய்ச்சல் வந்துச்சுல்லா, அதுக்குப் பொறவு." அம்மாவின் முகம் அப்படியே நின்றது, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள், ஆனால் பின்னால் நட்சத்திரம் ஆடிக்கொண்டிருந்தது. "அப்போ இத்தன நாளும் கொள்ளாம் கொள்ளாம்னு சொன்னியே?" "சும்மா சொன்னேன்." அம்மா எங்கேயோ கைவைத்து மெதுவாக உட்கார்ந்தாள். படிப்பைக் கேட்பாள், ஜனவரியைக் கேட்பாள், கோயில் முற்றத்தில் இனி என்ன சொல்வது என்று கேட்பாள் என்று பெனிலா மனசைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அம்மா அதில் எதையும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள். "சூடு தெரியுதா மக்களே?" "தெரியுதும்மா." "எரிப்பு?" "அது நல்லாத் தெரியும்." "உள்ளி வாயில வச்சா கொழைஞ்சு உடையுதா?" பெனிலா ஒரு உள்ளியை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். மெல்லிய தோல் நழுவி, உள்ளே பிடித்து வைத்திருந்த சூடு மொத்தமும் நாக்கின் மேல் கொட்டியது. மிளகின் காரம் மெதுவாகத் தொண்டைக்கு ஏறியது. "உடையுதும்மா." "அப்போ அத வச்சுத் தின்னு. பைய தின்னு. போன வச்சிராத, நான் இங்கதான் இருக்கேன்." பெனிலா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்து, முதல் உருண்டையை வாயில் வைத்தாள்.